பெயரில்லாத கார்பன் ஃப்ரேம் ஒன்று

1. தட்டிப் பார்க்கும் வேலை

சைக்கிள் கடைக்கு வருவதற்கு முன்னால் செங்கல்பட்டு பக்கத்தில் ஒரு ஃபைபர் கம்பெனியில் தரம் சோதிக்கிற க்யூசி செக்‌ஷனில் இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் படாளம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் முதன்முதலாக ஐடி கார்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியது நான்தான். பஸ்ஸுக்கு உள் பேனல் செய்வதில் தொடங்கிய கம்பெனி, பிறகு கார்பன் ஃபைபரில் மெஷின் பாகங்களும் செய்தது.

முதல் நாள் சூப்பர்வைசர் என்னை ஒரு நீளமான மேஜைக்கு முன்னால் நிறுத்தி, கையில் ஒரு காசைக் கொடுத்தார்.

"எஸ்தர், இத வெச்சு பேனல் முழுக்க தட்டிக்கினே போ. டக்குனு கேட்டா பாஸ். தொப்புனு கேட்டா ரிஜெக்ட். சந்தேகமா கேட்டா அதுவும் ரிஜெக்ட்தான்."

புதிதாக வந்தவளைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவரே நான் தள்ளிவைத்த பேனல்களில் ஒன்றை வெட்டிக் காட்டினார். வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தது. உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, நடுவில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. இதை டீலாமினேஷன் என்பார்கள். கார்பன் என்பது துணி மாதிரியான நாரை ரெசின் என்கிற பசையில் ஊறவைத்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. இரும்பு அடிபட்டால் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் அடிபட்டால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே பிரியும். அதனால்தான் கண்ணை நம்பாமல் காதை நம்புகிறோம்.

கம்பெனி வட மாநிலத்துக்கு இடம் மாறியபோது நான் போகவில்லை. ஈசிஆரில் கோவளம் பக்கம் நசீர் பாய் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரோட்டில் மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டுகிற கூட்டம்தான் அவருக்குக் கஸ்டமர். அவர்கள் கார்பன் வண்டியைக் கொண்டுவந்து இது நல்லா இருக்கா என்று கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இல்லாமல் பாய் திண்டாடிக்கொண்டிருந்தார். வேலை கேட்டுப் போன அன்றைக்கு ஒரு ஃப்ரேமை என் மடியில் வைத்தார். தட்டிப் பார்த்து, பின்பக்கம் சீட் கம்பியைப் பிடிக்கிற கிளாம்பை அளவுக்கு மேல் இறுக்கி விரிசல் விட்டிருப்பதைக் காட்டினேன். மறுநாள் முதல் வேலை.

அதற்கப்புறம் எத்தனையோ ஃப்ரேம் என் கைக்கு வந்து போய்விட்டது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி, பிராண்ட் பெயர் இல்லாத செகண்ட் ஹேண்ட் கார்பன் ஃப்ரேமை வாங்கலாமா என்பதுதான். அதற்குப் பதிலாக எப்போதும் ஒரே ஒரு ஃப்ரேமைப் பற்றிச் சொல்வேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

2. தினேஷுக்கு அவசரம்

பொத்தேரியில் காலேஜ் ஹாஸ்டல்கள் இருக்கிற தெருவில் தினேஷ் டிபன் கடை வைத்திருந்தான். காலையில் இட்லி, பொங்கல் முடித்துவிட்டு மதியம் கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு சைக்கிள் எடுப்பான். இந்தப் பக்கம் ரேஸ் ஓட்டுகிறவர்களில் அவனை எல்லோருக்கும் தெரியும். விலை கூடின வண்டிக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் முந்திவிடுவான்.

அந்த வாரம் அவனுடைய அலுமினிய ஃப்ரேம், பெடலுக்குப் பின்னால் இருக்கிற குழாயில் சுற்றிலும் வெடித்துவிட்டது. வெல்டிங் வைத்தால் தாங்காது என்று நான்தான் சொன்னேன். மாவட்ட ரேஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். நாவலூரில் ஒரு அபார்ட்மென்டில் கார்பன் ஃப்ரேம், பிராண்ட் இல்லாதது, அவனுடைய சைஸ். விலையும் அவன் கைக்கு எட்டுகிற மாதிரி.

இந்த மாதிரி ஃப்ரேம்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஃபேக்டரியில் அச்சு செய்துவைத்து, யார் கேட்டாலும் அந்த அச்சில் ஃப்ரேம் போட்டுத் தருவார்கள். சில கம்பெனிகள் வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்கும். பெயர் ஒட்டாமலும் நேராக விற்பனைக்கு வரும். அதில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பெரிய பெயர் போட்ட ஃப்ரேமில் தவறு இருந்தால் கேட்க ஒரு கம்பெனி இருக்கிறது. இதற்கு யாரும் இல்லை. அதனால் வாங்குகிறவன்தான் கம்பெனி செய்கிற செக்கிங்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

போட்டோக்களில் ஃப்ரேம் சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் எல்லாமே வலது பக்கத்திலிருந்து எடுத்தவை. விளம்பரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. ஃப்ரேமைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் மட்டுமே தருவோம் என்று. விற்கிறவர்கள் இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை. மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்றால் பாதிப் பேர் போனையே எடுக்க மாட்டார்கள்.

"நீ வந்தா போதும்க்கா. ஒரு தட்டு தட்டு, ஓகேன்னு சொல்லு, தூக்கினு வந்துடலாம்" என்றான் தினேஷ்.

ஓகே என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்றேன். சிரித்தான். நசீர் பாயிடம் சொல்லிவிட்டு, டார்ச், துணி, நூல்கண்டு, போனில் மாட்டுகிற சின்ன குழாய் கேமரா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவன் பைக்கில் பின்னால் ஏறினேன்.

3. நாவலூர் பால்கனி

கதவைத் திறந்தது ஹேமா என்கிற பெண். நாற்பது வயது இருக்கும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. ஹாலில் அவர் கணவர் அருண் உட்கார்ந்திருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். எங்களைப் பார்த்து எழுந்தபோது வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே எழுந்தார். சட்டைக் காலர் ஓரத்தில் தோள்பட்டை ஆபரேஷன் தழும்பு தெரிந்தது. எனக்கு அப்போதே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

வண்டி முழுதாக பால்கனியில் துணி போட்டு மூடி நின்றது. தொடுவதற்கு முன்னால் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். கீழே விழுந்த வண்டியா என்று.

அருண் வாயைத் திறப்பதற்குள் ஹேமாவே ஆமாம் என்றார். நடந்ததை அவர்தான் சொன்னார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடநெம்மேலி தாண்டி, அருண் தனியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மீன் வண்டிக்காரர் ஒருவர் ரோட்டோரம் அவர் கிடப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். தோள் எலும்பு நொறுங்கிப் பிளேட் வைத்தார்கள். தலையில் அடி. ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தார். ஆனால் எப்படி விழுந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. வீட்டில் காபி குடித்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அடுத்து ஆஸ்பத்திரி சீலிங்தான் என்றார் அருண். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமெல்லாம் இல்லை. பல பேருக்குப் பல தடவை சொன்ன கதை மாதிரி சொன்னார்.

தினேஷ் என்னைப் பார்த்தான். வண்டி விழுந்தது என்று தெரிந்ததும் அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் துணியை விலக்கிப் பார்த்ததும் மறுபடி மலர்ந்துவிட்டது. கறுப்பு மேட் ஃபினிஷ், மெல்லிய குழாய், எங்கேயும் எழுத்து இல்லை. நல்ல அழகான ஃப்ரேம்தான்.

வீல், செயின், ஹேண்டில் எல்லாவற்றையும் கழற்ற அனுமதி கேட்டேன். பார்ட்ஸ் மாட்டின வண்டியில் ஃப்ரேம் பார்க்கக் கூடாது. விரிசல் விழுகிற இடமெல்லாம் பார்ட்ஸுக்கு அடியில்தான் ஒளிந்துகொண்டிருக்கும். அருண் ஆகட்டும் என்றார். ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு பால்கனி வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஹேமா உட்காரவில்லை. நான் வேலை செய்து முடிக்கிற வரைக்கும் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார்.

4. ஃப்ரேமும் ஹேண்டிலும்

எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு வரிசை உண்டு. ஓடும்போது ஃப்ரேம் தானாக உடைய வேண்டுமென்றால் எங்கே உடையும் என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். முதலில் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க். அதன் தண்டு, ஹேண்டிலுக்குக் கீழே ஃப்ரேமின் முன்னால் நிற்கிற தலைக்குழாய்க்குள் போகிறது. அந்தத் தண்டு முறிந்தால் ஓட்டுகிறவர் முகம் நேராக ரோட்டில்தான். உருவி எடுத்துத் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நகத்தால் சுற்றி வந்தேன். சுத்தம். ஃபோர்க் கால்கள் இரண்டையும் தட்டினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சத்தம்.

அடுத்து தலைக்குழாயும், அங்கிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்குகிற கீழ்க்குழாயும் சேரும் இடம். சுத்தம். பெடல் அச்சு உட்காரும் கூடு, அதற்குள் ஒட்டியிருக்கிற அலுமினிய வளையம் ஆடுகிறதா என்று திருகிப் பார்த்தேன். ஆடவில்லை. அதற்குப் பின்னால் இரண்டு குழாய்களும் சுத்தம். தலைக்குழாயிலிருந்து பின் அச்சு வரைக்கும் இரண்டு பக்கமும் நூல் பிடித்தேன். ஃப்ரேம் கோணவில்லை. கியர் தொங்குகிற கொக்கி மட்டும் உள்பக்கம் வளைந்திருந்தது. அது வலது பக்கம் விழுந்ததற்கு அடையாளம். அதை மாற்றிக்கொள்ளலாம். வலது பெடல், வலது பிரேக் லீவர், சீட்டின் வலது ஓரம் எல்லாம் ரோட்டில் தேய்ந்திருந்தன. இடது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

தினேஷ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தான். என் காதோரம் மெதுவாக, "சூப்பரா கீதுக்கா" என்றான்.

ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஓடுகிற மேல்குழாயைக் கடைசியாக எடுத்தேன். வலது பக்கம் டக், டக் என்று வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் திருப்பித் தட்டிக்கொண்டே வந்தபோது தலைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒரு இடத்தில் சத்தம் செத்துப்போனது. ஈர அட்டையைத் தட்டுகிற மாதிரி. அந்த இடத்தில் ஒரு தடித்த ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இருட்டில் தெரிவதற்காக வாங்கின புதிதில் ஒட்டியது என்றார் அருண். பிரிக்கலாமா என்று கேட்டேன். ஹேமா தலையசைத்தார். பிரித்தால் அடியில் பாதி வட்டமாக ஒரு அழுத்தம். அதைச் சுற்றி மயிரிழை மாதிரி பெயின்ட் வெடித்திருந்தது. பெருவிரல் வைத்து அழுத்தினால் லேசாக உள்வாங்கியது.

குழாய் கேமராவைத் தலைக்குழாய் வழியாக உள்ளே விட்டேன். போன் திரையில் குழாயின் உள்சுவர் தெரிந்தது. அடிபட்ட இடத்துக்கு நேர் உள்ளே நார் எழும்பி நின்றது. அதிலிருந்து ஒரு கோடு தலைக்குழாய் பக்கமாக ஓடியிருந்தது.

தினேஷ் என் போனைக் கிட்டே இழுத்துத் திரையைப் பார்த்தான்.

அப்போதுதான் ஹேமா கேட்டார். "அப்ப இது அங்கதான் உடைஞ்சு இவர் விழுந்தாரா?"

அந்தக் கேள்வி வந்த விதத்திலேயே, அது ரொம்ப நாளாக அவருக்குள் இருந்த கேள்வி என்று தெரிந்தது. அருண் திரும்பி அவரைப் பார்த்தார். அவருக்கும் அது புதுசுதான் போலிருக்கிறது.

பிறகு ஹேமா சொல்லிவிட்டார். வண்டி வாங்கின சமயம் அவர்கள் வீடு வாங்கிய புதிது. அருண் பேர் பெற்ற கம்பெனி ஃப்ரேம் ஒன்றைத்தான் வாங்க ஆசைப்பட்டிருக்கிறார். இவ்வளவு கொடுத்து ஒரு சைக்கிளா, விலை கம்மியாக ஏதாவது பாருங்கள் என்று ஹேமாதான் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்தப் பெயரில்லாத ஃப்ரேம் வீட்டுக்கு வந்தது. விபத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அருணின் சைக்கிள் குரூப் நண்பர்கள் ஹேமா காதில் விழுகிற மாதிரியே பேசிக்கொண்டார்கள். இந்த மாதிரி ஃப்ரேமெல்லாம் இப்படித்தான், ஓடும்போதே உடைஞ்சிருக்கும் என்று. அவர்கள் யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஹேமா மனதில் தங்கிவிட்டது. அருண் வண்டியை விற்றுவிடலாம் என்றபோது, தெரிந்த ஆளைக் கூட்டிவரச் சொல்லி விளம்பரத்தில் எழுதியது அவர்தான். வாங்குகிறவர் உயிர் முக்கியம் என்பது ஒரு காரணம். யாராவது ஒருத்தர் பார்த்து உண்மையைச் சொல்லட்டும் என்பது இன்னொரு காரணம்.

"நான் சொல்லித்தான இத வாங்கினீங்க" என்றார் அருணைப் பார்த்து.

அருண் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். நான் அவரை நிறுத்தினேன். சமாதானம் சொன்னால் அந்தம்மா நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். காட்டினால்தான் நம்புவார்.

ஃபோர்க்கை மறுபடி உள்ளே விட்டு, கழற்றிய ஹேண்டிலை மாட்டினேன். ரேஸ் வண்டியின் ஹேண்டில் கீழ்நோக்கி வளைந்து பின்பக்கமாக முடியும். அந்த முனையில் ஒரு மூடி இருக்கும். ஹேமாவைக் கிட்டே கூப்பிட்டு இடது முனையின் மூடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அது உடைந்திருந்தது.

"மேடம், வண்டி விழுந்தது வலது பக்கம். ரோட்டுல தேய்ஞ்சதெல்லாம் வலது பக்கம். அப்ப இடது முனை ஏன் உடையணும்?"

ஹேண்டிலை இடது பக்கமாக முழுக்கத் திருப்பினேன். இடது முனை பின்னால் வந்து மேல்குழாயில் அந்தப் பாதி வட்டத்தின் மேல் அப்படியே உட்கார்ந்தது. மூடியின் ஓரம் அந்த அழுத்தத்தின் ஓரத்தோடு சரியாகப் பொருந்தியது. ஹேமா குனிந்து பார்த்தார். அருணும் மோடாவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஓடுற வண்டில ஹேண்டில் இவ்ளோ தூரம் திரும்பாது. வண்டி விழுந்து புரளும்போதுதான் இப்படி வந்து இடிக்கும். இந்த அடி விழுந்ததுக்கு அப்புறம் பட்ட அடி. இதனால அவர் விழல. தானா உடையுற எடமெல்லாம் நான் பாத்துட்டேன். எல்லாம் நல்லாத்தான் கீது."

ஹேமா நிமிரவே இல்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அவரே ஒரு தடவை நேராக்கி, மறுபடி திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

"அப்ப எதனால விழுந்தாரு?" என்று கேட்டார்.

நாயாக இருக்கலாம், மணலாக இருக்கலாம், ஏதாவது கார் உரசியிருக்கலாம் என்று சொல்லியிருக்க முடியும். அவர் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகியிருப்பார். ஆனால் நான் பார்த்தது ஃப்ரேமை. ரோட்டை இல்லை.

"அது எனக்குத் தெரியாது மேடம். ஃப்ரேம் உடைஞ்சு விழலன்னு மட்டும் உறுதியா சொல்லுவேன்" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு எல்லோருக்கும் காபியோடு வந்தார். அருண் தன் கப்பை வாங்கி வைத்துவிட்டு, எங்கள் முன்னாலேயே ஹேமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தினேஷ் வெளியே ரோட்டை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

5. வாங்காதே என்று சொல்வது

இதோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால் நான் அங்கே போனது தினேஷுக்காக. ஹேமாவுக்கு நல்ல செய்தியாக இருந்ததே தினேஷுக்குக் கெட்ட செய்தி. ஃப்ரேம் அவரைக் கீழே தள்ளவில்லை. ஆனால் கீழே விழுந்ததில் ஃப்ரேம் கெட்டுவிட்டது. இனிமேல் அதை ஓட்டக் கூடாது.

தினேஷ் லிஃப்டில் ஆரம்பித்து கோவளம் வரைக்கும் வாதாடினான். ஒரே ஒரு ஸ்பாட்தானே, மேலே கார்பன் பட்டை சுற்றி ஒட்டிவிடலாமே, ஒரு ரேஸுக்கு மட்டும் தாங்காதா என்றான். கடைக்கு வந்ததும் நசீர் பாயையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். பாய் வியாபாரி. கார்பன் ரிப்பேர் செய்கிறவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள் என்று அவரும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். கார்பனை ரிப்பேர் செய்யலாம். ஒரே இடத்தில் அடி நின்றிருந்தால் நானே சிபாரிசு செய்திருப்பேன். இதில் விரிசல் தலைக்குழாய் பக்கமாக ஓடிவிட்டது. எதுவரைக்கும் போயிருக்கிறது என்று சரியாகச் சொல்ல என்னிடம் மெஷின் இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்து முடிப்பதற்குள் நல்ல அலுமினிய ஃப்ரேம் ஒன்றே வாங்கிவிடலாம். இதையெல்லாம் சொன்னேன். தினேஷ் காதில் ஏறவில்லை.

"நான்தான ஓட்டப்போறேன். உனக்கு இன்னாக்கா?" என்றான்.

"நீ தனியா ஓட்டுறியா? கூட்டத்துல நடுவுல ஓட்டுற. நீ விழுந்தா உன் பின்னால வர்றவன் எங்க போவான்?"

நசீர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எஸ்தர் வேணாம்னா வேணாம்பா என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. தினேஷ் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க என் போனை எடுக்கவில்லை. ரேஸுக்குத் தன் நண்பன் ஒருவனின் பழைய அலுமினிய வண்டியை வாங்கி ஓட்டினான். சைஸ் பொருந்தாத வண்டி. நடுவில் எங்கேயோ வந்தான். அடுத்த நாள் கடைக்கு வந்து ஒன்றும் நடக்காதது மாதிரி டீ வாங்கிக் கொடுத்தான். வாங்கிக் குடித்தேன்.

சில மாதம் கழித்து அவனுக்கு வேறொரு செகண்ட் ஹேண்ட் ஃப்ரேம் பார்த்துக் கொடுத்தேன். அதுவும் பெயரில்லாததுதான். குழாய் குழாயாகத் தட்டி, உள்ளே கேமரா விட்டு, நூல் பிடித்து, வாங்கிக்கோ என்றேன். இன்றைக்கும் அதில்தான் ஓட்டுகிறான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெயரில்லை என்பதற்காக நான் எதையும் தள்ளுவதில்லை. நாவலூர் ஃப்ரேமையும் அதற்காகத் தள்ளவில்லை.

6. ஹாக்ஸா

தினேஷ் கோபித்துக்கொண்டு போன அந்த வாரக் கடைசியில் அருணும் ஹேமாவும் காரில் அந்த ஃப்ரேமை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அன்றைக்கு நாவலூரில் இருந்து கிளம்பும்போது நான் ஒன்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இதை யாருக்கும் விற்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள் என்று. குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் பெயின்ட் அடித்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவார்கள். கெட்டுப்போன கார்பன் ஃப்ரேமை வெட்டித்தான் போட வேண்டும். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸுக்கும் அதுதான் முறை.

கடைக்குப் பின்னால் வைஸ் என்கிற இரும்புப் பிடியில் ஃப்ரேமைக் கட்டினேன். கார்பன் தூசி நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. அதனால் மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் அறுக்க வேண்டும். இரும்பு அறுக்கிற ரம்பமான ஹாக்ஸாவை நான் எடுத்தபோது ஹேமா கையை நீட்டினார்.

"நான் அறுக்கலாமா?"

அவருக்கு மாஸ்க்கும் கையுறையும் கொடுத்தேன். அருண் இடது கையால் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பழக்கமில்லாத கை, ரம்பம் முதலில் வழுக்கியது. அழுத்தாதீர்கள், நீளமாக இழுங்கள் என்று மட்டும் சொன்னேன். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அவர் நிறுத்தாமல் அறுத்தார். நசீர் பாய் கஸ்டமரை விட்டுவிட்டு வந்து பின் கதவில் நின்று பார்த்தார்.

முதலில் மேல்குழாயை அடிபட்ட இடத்தில் அறுத்தோம். நான் சொன்ன மாதிரியே அடுக்குகள் பிரிந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. அடுத்து கீழ்க்குழாயைத் தலைப்பக்கம் அறுக்கச் சொன்னேன். ஃப்ரேம் குழாய் உடைவதானால் முதலில் உடைந்திருக்க வேண்டிய இடம் அதுதான். துண்டு விழுந்ததும் தண்ணீரில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

வருஷக்கணக்காக க்யூசியில் வெட்டிப் பார்த்தவள் நான். உள்சுவர் மழமழவென்று இருந்தது. சுருக்கம் இல்லை. காற்றுக் குமிழி இல்லை. குழாய் சேரும் இடத்தில் எங்கே கனம் கூட வேண்டுமோ அங்கே அடுக்கு கூட்டிப் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மேஜையில் யாரோ ஒருத்தர் பொறுமையாக அடுக்கியிருக்கிறார். யார் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனியில் என் மேஜைக்கு வந்திருந்தால் பாஸ் போட்டு அனுப்பியிருப்பேன்.

துண்டை ஹேமா கையில் கொடுத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு உள்பக்கத்தை விரலால் தடவ வந்தார். ஓரம் கிழிக்கும் என்று தடுத்து, நடுவில் தொடச் சொன்னேன்.

"நல்லா செஞ்சிருக்காங்க மேடம். நீங்க மோசமானத வாங்கச் சொல்லல" என்றேன்.

மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அவர் அந்தத் துண்டை அருணிடம் கொடுத்தார். அருண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேன்ல, சூப்பரா ஓடும்னு" என்றார். ஹேமா சிரித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் தெறித்திருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு ஃப்ரேமை உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறவர் வாங்கலாமா என்று மட்டும் கேட்பார். அதற்குப் பின்னால் அவருக்கு என்ன கேள்வி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஊர்ப் பேச்சைக் காதில் வாங்காமல் முழுக்கக் கழற்றிப் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்காததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒருவர் உங்கள் மேல் கோபப்படுவார், இன்னொருவர் அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்குவார். இரண்டுக்கும் சேர்த்து உங்களால் செய்ய முடிந்தது அந்த ஒரு வேலைதான்.